இரண்டு மரை பிடித்த நட்டு

என் மனைவியின் தம்பி அந்த சைக்கிளை ஓட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்து கிடந்தது. செங்கல்பட்டில் ஏரிக்கரையை ஒட்டிய ஓட்டு வீடு ஒன்றில் நானும் மனைவியும் குடியிருந்தோம். கல்யாணமாகி மூன்று வருஷம். குழந்தை இல்லை. நான் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை குமாஸ்தா. எனக்கு இருபத்தொன்பது வயது, மச்சானுக்கு இருபத்துமூன்று.

அவன் நெம்மேலிக்காரன். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துக்கொள்ளாதவன். கட்டுமரம் இரண்டு அலை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். இரண்டு வருஷம் பார்த்துவிட்டு அவன் சித்தப்பாவே கரையில் இறக்கிவிட்டார். மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற கீற்றுக் கொட்டகை விடுதி ஒன்றில் தண்ணீர் இறைத்து, டீ போட்டு, துணி துவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இருந்த ஒரே சொத்து வாய். யாரையும் ஒரு தடவை பார்த்தால் போதும். அவர்கள் நடப்பது, இருமுவது, கோபப்படுவது எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டுவான். அவன் இருக்கிற இடத்தில் பத்துப் பேர் கூடியிருப்பார்கள்.

அந்த விடுதியில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் மஞ்சள் காமாலை வந்து ஊருக்குத் திரும்பும்போது தன் சைக்கிளை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். பச்சைப் பெயிண்ட் உரிந்த பழைய சைக்கிள். ஹேண்டில் பார் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தது. விரல் தடிமனுக்கு டயர். மட்கார்டு இல்லை, லைட்டு இல்லை, பெல் இல்லை, கேரியர் இல்லை. பிரேக்கும் நம்மூர் பிரேக் இல்லை. நம் சைக்கிளில் கம்பி இழுத்து, பிரேக் கட்டை ரிம்முக்கு அடியில் போய் ஒட்டும். அந்த சைக்கிளில் வயர் இழுத்து, நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு கை ரிம்மைப் பக்கவாட்டில் கவ்வியது. கட்டைகள் காய்ந்து கல்லாகியிருந்தன.

"மாமா, எனக்கு வேல கெடச்சிடும் போலக் கீது" என்று வாசலில் இறங்கும்போதே கத்தினான். மாமல்லபுரம் தபாலாபீசில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்க ஆள் எடுக்கிறார்கள். தற்காலிக வேலைதான், ஆனால் ஒழுங்காக இருந்தால் நிரந்தரமாகலாம். சொந்த சைக்கிள் இருக்க வேண்டும். மட்கார்டு, லைட்டு, இரண்டு பிரேக், பெல் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். புதன்கிழமை மத்தியானத்துக்குள் சைக்கிளைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார் போஸ்ட் மாஸ்டர்.

"உங்க அப்பா டூல் பொட்டி கீதுல்ல? நாலு நாளு இங்கியே குந்தி எல்லாத்தையும் மாட்டிகினு பூட்றேன்."

என் அப்பாவும் கடலோரத்துக்காரர்தான். கோவளத்திலிருந்து பிழைப்புக்காக செங்கல்பட்டு வந்து, ரயிலடியில் வாடகை சைக்கிள் கடை போட்டார். பத்து வயதிலிருந்து கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வரை நான் அந்தக் கடையில் பஞ்சர் ஒட்டியிருக்கிறேன், கோணின சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்திருக்கிறேன், நூற்றுக்கணக்கான பிரேக் மாட்டியிருக்கிறேன். குமாஸ்தா வேலை கிடைத்ததும் அதையெல்லாம் மறைத்தேன். நகத்துக்கு அடியில் இருந்த கிரீஸ் போக எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளித்தேன். அப்பா இறந்ததும் கடையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம். கருவிப் பெட்டி மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் மனைவியை ஒரு நாளும் அடித்ததில்லை. அதைப் பெருமையாக நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குழம்பில் உப்புக் கூடினால் வாயைத் திறக்க மாட்டேன். தட்டில் இருக்கிற சோற்றில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்து போய்விடுவேன். நான் சாப்பிடாத அன்று அவளும் சாப்பிட மாட்டாள் என்று தெரியும். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவேன். ஒரு தடவை பதினெட்டு நாள் பேசவில்லை. அவள் அம்மா பஸ்ஸில் கொடுத்தனுப்புகிற மீனை, "நாத்தம் தாங்கல" என்று சொல்லி அடுத்த வீட்டுப் பூனைக்குப் போடச் சொல்வேன். வஞ்சிர மீனைக்கூடப் போட்டிருக்கிறாள். அதைப் போட்டுவிட்டுக் கை கழுவுகிறாளா என்று நின்று பார்ப்பேன். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிக்கத் தெரியாதவள் என்றே நினைத்திருந்தேன்.

தம்பி வந்த அன்று சாயங்காலம் சமையலறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. யாரோ அண்டைவீட்டுப் பெண் வந்திருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். அவள்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பமானது. பழைய சாமான் கடையிலிருந்து மட்கார்டு இரண்டு, ஒரு டைனமோ, முன் லைட்டு, ஒரு கேரியர் எல்லாம் வாங்கி வந்தான். எல்லாம் நம்மூர் சைக்கிளுக்கான உருப்படிகள். மட்கார்டு அகலமாக இருந்தது. பிரேக்கின் இரண்டு கைகளுக்கும் நடுவில் நுழையவில்லை. தகடு வெட்டும் கத்தரியால் இரண்டு பக்கமும் பிறை மாதிரி வெட்டி, ராவித் தேய்த்து, எப்படியோ நுழைத்தான். வேர்த்து ஊற்றியது அவனுக்கு. நான் முற்றத்தில் நாற்காலி போட்டு, பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் செய்கிற ஒவ்வொரு தப்பும் எனக்கு உடனே தெரிந்தது. சொல்ல மாட்டேன். அவன் முழுவதையும் மாட்டி, நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொள்கிற வரை காத்திருப்பேன்.

"ஒயரு எந்தப் பக்கம் போவுது பாரு" என்பேன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பார்ப்பான். பிரேக் வயர் மட்கார்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

"அடப்பாவி மாமா, அப்பவே சொல்லக் கூடாதா?" என்று சிரிப்பான்.

"எச்ச சைக்கிளு. வெள்ளக்காரன் குடுத்தான்னு வாங்கிகினு வந்துட்ட. இரும்புக்குப் போட்டுட்டு நல்ல சைக்கிளு வாங்கு."

அதற்கும் சிரிப்பான். அன்று மூன்று தடவை அப்படிக் கழற்ற வைத்தேன். மூன்றாவது தடவை மட்டும் அவன் சிரிக்கவில்லை. விரல் தகட்டில் கிழித்து ரத்தம் வந்திருந்தது. என் மனைவி மஞ்சள் தூளும் துணியும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். என் பக்கம் திரும்பிப் பார்க்காமல் கட்டுப் போட்டாள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எனக்கு நேரம் சரியில்லை. நான் எழுதிய ஒரு குறிப்பில் எங்கோ தப்பு. ஹெட் கிளார்க் பத்துப் பேர் நடுவில் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்தார். "சைக்கிள் கடைக்காரன் புள்ளைக்குப் பேனா எதுக்கு?" என்றார். யாரிடமிருந்து அவருக்குத் தெரிந்தது என்று இன்றுவரை தெரியாது. பியூன்கூடச் சிரித்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க சார், மன்னிச்சிக்குங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலைவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாலு மணிக்கே வீட்டுக்குக் கிளம்பினேன். தெருமுனையில் திரும்பும்போதே கூட்டம் தெரிந்தது. எங்கள் வாசலில் ஏழெட்டுப் பேர், பெண்களும் ஆண்களுமாக. நடுவில் மச்சான். அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தான். தோளைக் குறுக்கி, ஒரு கையால் சட்டைப் பையில் இருக்கிற பேனாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, எதிரில் வராத ஒரு அதிகாரிக்குக் குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டு நடந்தான். பிறகு நிமிர்ந்து, வீட்டு வாசலில் கால் வைத்ததும் நெஞ்சைத் தூக்கி, மூக்கைச் சுளித்து, "நாத்தம்" என்றான். என் குரல். நான் அப்படித்தான் நடக்கிறேன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

தெரு முழுவதும் சிரித்தது. என் மனைவி வாசல்படியில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் திரும்பி நடந்து ஏரிக்கரைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். கூட்டம் கலைந்திருந்தது. மச்சான் மரியாதையாக எழுந்து நின்றான். "இன்னா மாமா, மூஞ்சி வாடிக் கீது?" என்று கேட்டான். உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். "ஒண்ணுமில்ல" என்றேன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. அன்று அவன் கேரியர் மாட்டி முடித்து, பின் பிரேக்கையும் சரிசெய்துவிட்டு, முன் சக்கரத்துக்கு வந்திருந்தான். மிச்சம் இருந்தது முன் பிரேக்கும் லைட்டும்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கின் தலையில் ஒரு துளை உண்டு. ஒரே ஒரு போல்ட்டு அந்தத் துளைக்குள் போய், பின்பக்கம் நட்டு போட்டு முடுக்கப்படும். அந்த மாதிரி சைக்கிளில் முன் பிரேக் முழுவதும் அந்த ஒரு போல்ட்டில்தான் தொங்குகிறது. அதைச் செய்தவன் பிரேக்குக்கு மட்டும் அளவு பார்த்துச் செய்திருந்தான். இப்போது அதே போல்ட்டில் மட்கார்டின் காதும் ஏறியாக வேண்டும். லைட்டுக்கு ஹேண்டில் பாரில் இடம் இல்லாததால் அதன் பட்டையையும் அங்கேதான் கோத்தான். பிரேக், லைட்டுப் பட்டை, போர்க், மட்கார்டு, வாஷர். எல்லாம் ஏறியதும் போல்ட்டில் மிச்சம் இருந்தது துளியூண்டு. நட்டை வைத்துத் திருகினான். இரண்டு சுற்று, இரண்டு மரை, அதோடு நின்றுவிட்டது.

நட்டுக்கு வெளியே போல்ட்டின் மூக்கு எட்டிப் பார்க்க வேண்டும் என்று என் அப்பா ஓயாமல் சொல்வார். உள்ளே மறைந்திருந்தால் அது முடுக்கியதே இல்லை. ஓடுகிற அதிர்ச்சியில் பத்து மைலோ இருபது மைலோ, கட்டாயம் கழன்றுவிடும். முன் பிரேக் கழன்றால் கீழே விழாது. சக்கரத்துக்குள் விழும்.

இதைச் சரிசெய்ய அரை மணி நேரம் போதும். மட்கார்டின் காதைக் கழற்றி, போர்க்குக்கு அடியில் தனியாக ஒரு துளை போட்டு மாட்டலாம். இல்லையென்றால் ரயிலடியில் லேத்துப் பட்டறையில் நீளமாக ஒரு போல்ட்டு கடைந்து வாங்கலாம். அதுகூட வேண்டாம். அப்பாவின் பெட்டியில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. பழைய சீமை சைக்கிள்களில் கழற்றிய போல்ட்டுகளை அதில் போட்டு வைத்திருந்தார். ஒத்துவருகிற நீள போல்ட்டு அதில் எப்படியும் மூன்று இருக்கும். எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

அவன் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அந்த நட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, கொஞ்சம் வா. ரெண்டு மரதான் புடிக்குது. போதுமா?"

நான் எழுந்து போனேன். குனிந்து பார்த்தேன். விரலால் தொட்டும் பார்த்தேன்.

"போதும்" என்றேன்.

"நெஜமாவா?"

"நான் எத்தினி சைக்கிளு மாட்டியிருப்பேன்? போதும்ன்றேன்ல."

"சரி மாமா. உனக்குத் தெரியாததா" என்று சொல்லி, ஸ்பேனரை எடுத்து இன்னும் ஒரு தடவை முடுக்கினான்.

அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று எத்தனையோ வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. விழ வேண்டும் என்று நினைத்தேன். போஸ்ட் மாஸ்டர் முன்னால் பிரேக் கழன்று தொங்க வேண்டும், நாலு பேர் அவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் பிரேக் எங்கே விழும் என்று எனக்குத் தெரியும்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவன் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றினான். டைனமோ பின் டயரோடு உரசி முனகியது. லைட்டு மங்கலாக ஆரம்பித்து, பளிச்சென்று எரிந்தது. அவன் குழந்தை மாதிரி கைதட்டினான். அந்த வெளிச்சத்தில் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். ஆசையோடு அவள் கேட்டாள்.

"நாளைக்கு நானும் இவன்கூட நெம்மேலிக்குப் பூட்டு வரட்டுமா? அம்மாவப் பாத்து ஆறு மாசம் ஆவுது. கேரியர்லயே குந்திக்கிறேன். ரெண்டு நாள்ல பஸ்ஸுல வந்துட்றேன்."

"வா அக்கா! உன்னைக் குந்த வச்சிகினு போவத்தான் கேரியரே மாட்னேன்" என்றான் அவன்.

"வாணாம்" என்றேன்.

"ஏன்?" என்றாள்.

"வாணாம்னா வாணாம். பொம்பள ரோட்டுல சைக்கிள்ல குந்திகினு போறது நல்லா இல்ல. அடுத்த மாசம் பஸ்ஸுல போ."

அவள் உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை விடிந்ததும் அவன் கிளம்பினான். புதுச் சட்டை போட்டிருந்தான். தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தான். என் மனைவி இட்லி கட்டிக் கொடுத்தாள். அவன் முன் பிரேக்கை இரண்டு தடவை பிடித்து விட்டுப் பார்த்தான். "சோக்கா புடிக்குது மாமா. எல்லாம் உன் புண்ணியம்" என்றான். நான் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றிருந்தேன். வாயில் நுரையோடு, "பாத்துப் போ" என்றேன். அதைக்கூடச் சொன்னேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டி, ரோடு கொஞ்சம் சரிவாக இறங்குகிற இடத்தில் அது நடந்தது. முன்னால் சவுக்குக் கழி ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. கழிகள் வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன. வண்டி சட்டென்று நின்றது. இவன் முன் பிரேக்கைப் பிடித்தான். நட்டு எப்போது கழன்றதோ, பிரேக் அப்படியே பிடுங்கிக்கொண்டு சக்கரத்துக்குள் போய்விட்டது. சக்கரம் நின்றது. அவன் நிற்கவில்லை. முகம் போய்க் கழிகளின் முனையில் மோதியது.

அந்த வண்டிக்காரரே மாடுகளைத் திருப்பி அவனைத் திருக்கழுக்குன்றம் கொண்டுவந்து, பஸ்ஸில் ஏற்றி, கூடவே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். எனக்கு அலுவலகத்துக்குச் சொல்லியனுப்பினார்கள். நான் போய்ச் சேரும்போது என் மனைவி எனக்கு முன்பே வந்திருந்தாள். முன்பல் ஆறு போயிருந்தது. கீழ்த்தாடை இரண்டாக உடைந்திருந்தது. வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. புதுச் சட்டையின் நிறம் தெரியவில்லை. வண்டிக்காரர் என்னிடம், "பையன் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல சார். வலிக்குதுன்னுகூடச் சொல்லல" என்றார். சொல்ல வாய் எங்கே இருந்தது.

வராந்தாவில் என் மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். அழுது முடித்திருந்தாள். என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"என்ன மட்டும் ஏன் குந்த வாணாம்ன?"

"சொன்னேனே. பொம்பள ரோட்டுல..."

"போன மாசம் உன் சைக்கிளு பின்னால குந்திகினுதான பஜாருக்கு வந்தேன்?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கம்பவுண்டர் வந்து கையெழுத்துக் கேட்டார். நான் நகர்ந்து போனேன். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

சைக்கிள் இரண்டு நாள் கழித்து வண்டிக்காரர் வீட்டிலிருந்து வந்தது. முன் சக்கரத்தில் பாதிக் கம்பிகள் இல்லை. பிரேக் இன்னும் உள்ளே சிக்கியிருந்தது. போல்ட்டு அதில் அப்படியே இருந்தது, நட்டைத்தான் காணோம். நான் பிரேக்கைப் போல்ட்டோடு பிடுங்கி எடுத்து ஏரியில் எறிந்தேன். யாரும் பார்க்கவில்லை. மறுநாள் சைக்கிளை எடைக்குப் போட்டேன். அவனிடம் கேட்கவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்தான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கஞ்சியைக் குழாய் வைத்து உறிஞ்சினான். நான் தினமும் சாயங்காலம் போனேன். பிளாஸ்கில் பால் கொண்டுபோனேன். பக்கத்துக் கட்டில்காரர்கள், "இப்பிடி ஒரு மாமன் கெடைக்கணுமே" என்றார்கள். அதைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எப்படி விழுந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் இடது கையால் ஒரு சீட்டில் கோணல் கோணலாக எழுதிக் காட்டினான். "நட்டை நான் சரியாக முடுக்கவில்லை."

வீட்டுக்கு வந்த அன்று, கையால் சக்கரம் மாதிரி சுற்றிக் காட்டி, எங்கே என்று கேட்டான்.

"வித்துட்டேன். இரும்புக்குதான் போச்சி" என்றேன்.

தலையாட்டினான். தபாலாபீஸ் வேலைக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

தாடை கோணலாகக் கூடிவிட்டது. கீழுதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அதிலிருந்து எச்சில் வழிந்துகொண்டே இருக்கும். தோளில் எப்போதும் ஒரு துண்டு. பேச்சு வந்தது, ஆனால் பாதி வார்த்தைகள் காற்றாகப் போயின. பழகினவர்களுக்குத்தான் புரியும். யாரையும் செய்து காட்டுவதை விட்டுவிட்டான். அந்த முகத்தை வைத்துக்கொண்டு வேறு முகத்தைக் காட்ட முடியாது. விடுதியில் வெள்ளைக்காரர்கள் முன்னால் போக வேண்டாம் என்று சொல்லி, அடுப்படிக்குப் பின்னால் வெங்காயம் உரிக்க வைத்தார்கள். மணிக்கட்டு மடங்காததால் அதையும் இடது கையால் செய்தான்.

இரண்டு வருஷம் கழித்து எங்களுக்குப் பெண் பிறந்தது. ஒரு வயது ஆனதும் காது குத்த நெம்மேலிக்குப் போனோம். மாமியார் வீட்டில்தான் ஏற்பாடு. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் நானும் அவனும் கரையில் உட்கார்ந்திருந்தோம். கட்டுமரங்களை மேலே இழுத்துப் போட்டிருந்தார்கள். பெண்கள் வலையில் மிச்சமிருந்த பொடிமீனை உதறிக்கொண்டிருந்தார்கள். அன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தேன்.

"மச்சான், அந்த நட்டு..." என்று ஆரம்பித்தேன்.

அவன் கையை நீட்டி என் தொடையை அழுத்தினான்.

"வாணாம் மாமா." நிறுத்தி, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான். "சொல்லாத. நீ சொல்ட்டா, அப்பறம் நான் அக்காவ இங்க கூட்டினு வந்துடணும். வூட்ல அவ்ளோ எடம் இல்ல."

"உனக்குத் தெரியுமா?"

"என்ன ஒரு வார்த்த கேக்காம சைக்கிள இரும்புக்குப் போட்டுட்டேன்னு சொன்னியே, அன்னிக்கே தெரியும்." கடலைப் பார்த்தபடியே கேட்டான். "நான் உன்ன மாதிரி நடந்து காட்னத நீ பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"அதான" என்றான். எழுந்து, மணலைத் தட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்தான்.

அவ்வளவு நடந்தும் மறுநாள் நான் செய்ததை எழுதாமல் விட முடியாது.

காலையில் பந்தலுக்கு அடியில் பலகை போட்டு அவன் உட்கார்ந்தான். வேட்டி கட்டி, சந்தனம் பூசி, வாயை நன்றாகத் துடைத்துவிட்டிருந்தான். குழந்தையைக் கொண்டுபோய் அவன் மடியில் வைத்தார்கள். குழந்தை நிமிர்ந்து அந்தத் தாடையைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. பிறகு வீறிட்டு அலறியது. ஆசாரி இன்னும் ஊசியையே எடுக்கவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான். எச்சில் குழந்தையின் பட்டுப் பாவாடையில் விழுந்தது.

நான் பாய்ந்துபோய்க் குழந்தையைத் தூக்கினேன்.

"குடு, நான் வச்சிக்கிறேன். உன் மூஞ்சியப் பாத்தா கொழந்த பயப்புடுது."

எல்லார் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னேன். எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அவன் மடி வெறுமனே இருந்தது. இரண்டு கையும் குழந்தையைப் பிடித்திருந்த மாதிரியே அந்தரத்தில் நின்றன.

என் மனைவி பூத்தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். என் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும், என் புறங்கையில் அவள் நகம் கீறியது. குழந்தையை மறுபடி தம்பியின் மடியில் உட்கார வைத்து, அதன் முகத்தை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டாள்.

"அழட்டும்" என்றாள். "தாய்மாமன் மூஞ்சிதான. பாத்துப் பாத்துப் பழகட்டும்."

குழந்தை அலறிக்கொண்டே இருந்தது. அவன் இடது கையால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்தார்.